என்ற அண்ணன் வாயில வேறாளு கொரலு

அந்த சீரிஸ நீங்களும் பாத்திருப்பீங்க. ஹீரோ ரகசிய போலீசு. தாடி வெச்சு, தொப்பி போட்டு, உக்கடத்துப் பக்கம் ஒரு சந்துக்குள்ள வந்து ஒரு கதவத் தட்டுவான். உள்ள குண்டு செய்யறவிய இருக்காங்களாம். ஒல்லியா ஒரு பையன் வந்து கதவத் தொறப்பான். அது என்ற அண்ணன். தொறந்துட்டு பேசற கொரலு இருக்குதுல்ல, கரகரன்னு, அது என்ற அண்ணனோடது இல்ல. எவனோ சென்னையில ஒரு ரூமுக்குள்ள நின்னு பேசுனது.

என்ற அண்ணன் இப்ப இல்ல. சீரிஸ் வாரதுக்கு முன்னாலயே போய்ட்டான். அவன் கொரல இன்னொருதடவ கேக்கோணும்னு எங்கம்மா கெடந்து அலஞ்சதத்தான் சொல்லப் போறேன்.

நான் எட்டாவதோட நின்னவ. தையல் கம்பெனியில சட்டைக்கு பட்டன் காஜா போடறேன். எனக்கு எழுத வராது, பேசறாப்பலதான் வரும். படிச்சவிய மூஞ்சியச் சுளிச்சா சுளிச்சுக்குங்.

நாங்க முஸ்லிமுங்க. ஆனா எங்கூட்டுல ஒருத்தருக்கும் உருது ஒரு வார்த்த வராது. எங்கத்தாவுக்கு அத்தா, அதான் எங்கப்பாவோட அப்பா, அவரு காலத்துல இருந்தே இதே கோயமுத்தூர்தான், இதே தமிழுதான். எங்கத்தா நான் சின்னப்புள்ளையா இருக்கையிலயே மவுத்தாயிட்டாரு. அப்பறம் அம்மாவும் அண்ணனும் நானும்தான். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுவான். வெடியால மார்க்கெட்டுல காய் ஏத்துனான்னா மத்தியானம் வரைக்கும் கடை கடையா எறக்குவான். அவனுக்கு சத்தமாப் பேச வராது. ஆட்டோவுக்குக் குறுக்க எவனாச்சும் வந்து உழுந்தாக்கூட, "ஏனுங்ணா, சித்தெ பாத்துப் போங்"ம்பான். நான் பக்கத்துல உக்காந்திருந்தா எட்டிப் பாத்துத் திட்டுவேன். "நீ எதுக்குடி வண்டிக்கு ரெண்டாவது ஹாரன்"னு கேப்பான்.

ஷூட்டிங்குக்கு ஆளு சேக்கற ஏஜென்ட்டு ஒருத்தன் எங்க தெருவுக்கு வந்தான். நல்லாப் பேசுவான், அவ்வளவு மரியாதை. டீக்கடையில நின்னுட்டு, "ஏனுங் தம்பி, உங்க மூஞ்சி கேமராவுக்குன்னே செஞ்சாப்பல இருக்குதுங்"ன்னு எங்கண்ணங்கிட்டச் சொல்லியிருக்கான். என்ன வேசம்னு இவன் கேட்டதுக்கு, "சித்தெ நெகட்டிவ்வுங். ஆனா மனசு நல்ல மனசுங். ஒரு மாசம் மட்டும் சவரம் பண்ணாதீங்"ன்னானாம்.

ஊட்டுக்கு வந்து கதைய முழுசாச் சொன்னான். அந்த ஊட்டுல தங்கியிருக்கற பையன் இவன். வந்திருக்கறவன் போலீசுன்னு இவனுக்கு மட்டும் தெரிஞ்சு போயிருது. கூட்டத்துக்காரங்ககிட்டச் சொல்லோணும், ஆனா சொல்ல மனசு வரல. அந்தப் போலீசும் முஸ்லிமுதானாம், அவனுக்கும் அதே இழுபறி, டிப்பார்ட்மெண்ட்டா நம்ம சனமான்னு. கடைசியில இருட்டுல தெரியாம அந்தப் போலீசே இவனச் சுட்டுர்றான்.

"ஆக நீ சாகற"ன்னேன்.

"ஆமா. ஆனா நல்லவனாச் சாகறேன்."

அம்மா தோசை வாத்துட்டே, "தாடி வெச்சா ஆட்டுக்குட்டியாட்டத்தான் இருப்ப, உன்னையக் கண்டு எவன் பயப்படுவான்"னுச்சு.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, அப்பவே வந்து சத்தம் போட்டாரு. பழக்கடை வெச்சிருக்காரு. நியாயமான ஆளுதான், ஆனா எதையும் பள்ளிவாசல்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னுதான் ரோசன பண்ணுவாரு. "இவனுங்க நம்மள ரெண்டே வேசத்துலதான் காட்டுவானுங்க. ஒண்ணு குண்டு வெக்கறவன், இல்ல அவனப் புடிச்சுக் குடுக்கறவன். உனக்கு எதுக்குடா இந்தப் பொழப்பு?"

அவரு சொன்னதுல தப்பே இல்ல. எங்க தெருவுல குண்டு வெக்கறவனும் இல்ல, புடிச்சுக் குடுக்கறவனும் இல்ல. சமோசா போடறவன், மெத்தை தைக்கறவன், ஆட்டோ ஓட்டறவன், கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்கறவன்னு இருக்காங்க. அவங்கள வெச்சு எவன் சீரிஸ் எடுப்பான். ஆனா அண்ணன் கேக்கல. அவனுக்கு ஆசை. ஒரு ஏழை வீட்டுப் பையனுக்கு ஆச வந்தா அது மட்டும் எல்லாருக்கும் குத்தமாத் தெரியும்.

ஷூட்டிங் முடிஞ்சு பொழுதோட வந்தான். தொண்டை கட்டியிருந்துச்சு. எப்படிப் போச்சுன்னு கேட்டோம். "நெம்ப நல்லாப் போச்சு, டைரக்டர் தோளத் தட்டுனாரு"ன்னு சொல்லிட்டு சாப்புடாமப் படுத்துக்கிட்டான். அலுப்புன்னு நெனச்சோம்.

அப்பறம் கொஞ்ச மாசத்துல, மதுக்கரை ரோட்டுல, பட்டப்பகல்ல ஒரு லாரிக்காரன் அடிச்சுப்போட்டான். ரோடெல்லாம் தக்காளி. அதுக்கு மேல அத நான் சொல்ல மாட்டேன்.

எங்கள்ல மவுத்தானவங்க போட்டோவ சொவத்துல மாட்டறது இல்லைங். மாலை போடறது, வெளக்கு வெக்கறது ஒண்ணும் கெடயாது. கபருக் குழியில கொண்டு போய் வெச்சாச்சுன்னா அல்லாகிட்ட துஆ கேக்கறது மட்டுந்தான். மத்தவிய ஊட்டுல பெரிய போட்டோவா மாட்டிப் பொட்டு வெச்சிருக்கறதப் பாக்கையில எனக்கு பொறாமையா இருக்கும். அம்மாவுக்கு அப்படி இல்ல. அம்மா வேற ஒண்ணு சொல்லுச்சு. "மூஞ்சி எனக்கு மறக்காது கண்ணு. கொரலுதான் தேஞ்சுட்டே போகுது. நேத்து அவன் என்னைய அம்மான்னு கூப்புடறாப்பல நெனச்சுப் பாத்தேன், உங்க மாமன் கொரலுல கேக்குது."

அவன் கொரலு எங்கயும் இல்ல. அம்மாது பட்டன் போனு. எனக்கு அவன் வாய்ஸ் அனுப்புனதே கெடயாது, எதா இருந்தாலும் கூப்புட்டுத்தான் பேசுவான். அவன் போனு லாரிக்கு அடியில போச்சு. அவங்கூட வண்டி ஓட்டறவங்ககிட்ட எல்லாம் கேட்டுப் பாத்தேன். ஒரு பையன் போனுல ஒரு வீடியோ இருந்துச்சு. எல்லாரும் கத்தறாங்க, இவன் ஓரமா சிரிச்சுட்டு நிக்கறான். வாயத் தொறக்கல.

அப்பத்தான் அம்மாவுக்கு அந்த சீரிஸ் ஞாபகம் வந்துச்சு. "அதுல பேசுவானில்ல?"ன்னு கேட்டுச்சு. அன்னியிலிருந்து அது வாரதுக்கே காத்துட்டிருந்துச்சு. சுடறதப் பத்தியெல்லாம் அதுக்குக் கவலையில்ல. அதுக்கு முன்னால பேசுவானில்ல, அது போதும்.

சீரிஸ் வந்துச்சு. கம்பெனியில என் பக்கத்து மிஷின்ல ஒரு புள்ள, அவதான் பணம் கட்டி வெச்சிருந்தா. சோத்து நேரத்துல அவ போனுல பாத்தோம். கதவு தொறந்துச்சு. அண்ணன் நின்னான். அவனோட அதே கோடு போட்ட சட்டை. ஊட்டுல இருந்துதான் எடுத்துட்டுப் போயிருந்தான். வாயத் தொறந்தான்.

"யாருடா நீ? யார் அனுப்புனா?"

அந்தக் கொரலக் கேட்டதும் சோத்து டப்பாவ மூடிட்டேன். அப்பறம் பேசறதெல்லாம் உருது கலந்து. எங்கண்ணன் நாக்குல ஒருநாளும் வராத வார்த்த எல்லாம். வாயி ஒண்ணு அசையுது, சத்தம் ஒண்ணு வருது. கொஞ்ச நேரம் கழிச்சு அவனச் சுட்டாங்க. சுட்ட ஹீரோ மண்டி போட்டு உக்காந்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறான், அதுக்கு ஒரு பாட்டு. சுட்டவனுக்குத்தான் பாட்டு. செத்தவன கேமரா திரும்பிக்கூடப் பாக்கல.

அந்தப் புள்ள என் தோளப் புடிச்சுட்டு, "செமயா செத்திருக்கார்டி உங்கண்ணன்"னா. நல்லதுக்குத்தான் சொன்னா. அவ தலையில சோத்து டப்பாவக் கவுத்தோணும்னு இருந்துச்சு. சூப்பர்வைசரு அந்தப் பக்கமா வந்தவரு எட்டிப் பாத்துட்டு, "அம்மணி, நாளைக்கு வாரப்ப பேக்க செக் பண்ணோணும்போல இருக்குதே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சிரிக்காட்டி அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க. அன்னிக்கு நான் போட்ட காஜா எல்லாம் கோணல். ஒரு சட்டையில காலருல போட்டு வெச்சேன்.

அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணேன். நெட்டு வரல, பணம் கட்டோணும்னு சாக்கு சொல்லிட்டிருந்தேன். ஆனா கீழ் ஊட்டுல எங்க ஊட்டுக்காரம்மா இருக்குதே. தெலுங்கு பேசறவிய. புருசனத் திட்டோணும்னா மட்டும் தெலுங்கு, மத்ததெல்லாம் எங்களாட்டவே பேசும். அந்தம்மாளும் ஊட்டுக்காரரும் பெரிய டிவியில சீரிஸப் பாத்துட்டாங்க. அந்தம்மா மாடி ஏறி வந்து, "ஏனுங் அம்மணி, உங்க பையன் வாரானுங். வாங், வந்து பாருங்"ன்னு அம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு. நான் கம்பெனி விட்டு வாரப்ப அம்மா செருப்பு கீழ கெடக்குது. உள்ள ஓடுனேன். அதுக்குள்ள டிவியில அண்ணன் கதவத் தொறந்துட்டான்.

அம்மா முன்னால நகந்து உக்காந்துச்சு. அவன் பேசுனான். அம்மா அந்தம்மாளத் திரும்பிப் பாத்துச்சு.

"இது ஆருங்க பேசறது?"

"உங்க பையந்தானுங்."

"இல்லீங். பையன் நிக்கறான். பேசறது ஆருங்க?"

ஊட்டுக்காரரு சோபாவுல சாஞ்சுட்டு, "டப்பிங்குங்க அது. வேசத்துக்குத் தகுந்த வாய்ஸ் வேணுமில்ல. நெசத்துக்கே சொல்றனுங், பாத்தா பயமா இருந்துச்சு. நெம்பப் பொருத்தம்"னாரு. பாராட்டறாராம்.

நான் கேட்டேன், "என்ன பொருத்தங்க? எங்கண்ணன் உங்களுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வந்து குடுக்கையில பயமா இருந்துச்சுங்களா?"

"கோவிச்சுக்காதீங் அம்மணி, நடிப்பச் சொன்னேன்."

அந்தம்மா தெலுங்குல அவர என்னமோ வஞ்சுச்சு. அம்மா எந்திரிச்சு, "போய்ட்டு வாரனுங்"ன்னு சொல்லிட்டு மேல வந்துருச்சு. மேல வந்து என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அப்ப அவன் பேசுனது எங்க போச்சு?"

அதக் கேக்கத்தான் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். காந்திபுரத்துல ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னான். போனேன். பப்ஸ் வாங்கி என் முன்னால வெச்சான். தொடல.

"எங்கண்ணன் பேசுன சத்தம் எங்கைங்க?"

"அது பைலட் சவுண்டுங் அம்மணி. ஷூட்டிங்கப்ப சும்மா ஒரு அடையாளத்துக்குப் புடிப்பாங்க. அப்பறம் டப்பிங் பேசி ஒட்டுனதும் அது வேஸ்ட்டுங்."

"வேஸ்ட்ட எங்க கொட்டுவீங்க? சொல்லுங், நாங்க போய்ப் பொறுக்கிக்கறோம்."

சிரிச்சான். எதுக்குக் கொரல மாத்துனாங்கன்னு கேட்டேன். பப்ஸ்ல இருந்து ஒரு துண்டு அவனே எடுத்துக்கிட்டான். "தம்பி நல்லாத்தானுங் பண்ணாப்டி. ஆனா நம்மூருப் பேச்சுங். கதவத் தொறந்து பேசுனா மளிகைக் கடையில கணக்குக் கேக்கறாப்பல இருக்குதுன்னுட்டாங்க. முஸ்லிமாட்டப் பேசுங் தம்பின்னாங்க. தம்பிக்கு அது வரலீங்."

முஸ்லிமுக்கு முஸ்லிமாட்டப் பேச வரலையாம். இவன் சொல்றான்.

அங்கயே சவுண்டு ரெக்கார்டிஸ்டுக்குப் போன் போட்டான். நான் அழுவேன்னு பயந்துட்டான்னு நெனச்சேன். பேசி முடிச்சுட்டு, "அவருகிட்ட ஹார்ட் டிஸ்க்குல இருக்குதாமுங்"ன்னான். எனக்கு உசுரு வந்துச்சு. அப்பறம் சித்தெ முன்னால குனிஞ்சான்.

"ஏனுங் அம்மணி, தப்பா எடுத்துக்கக்கூடாது. ரெண்டாவது சீசன் சத்தியமங்கலத்துப் பக்கம் ஓடிட்டிருக்குதுங். அதுல சாகற ஒரு பையனோட அம்மா வந்து அழுகோணும். ஒரே சீனு. சென்னையில இருந்து கூட்டியாந்த லேடி சரியில்லீங். உங்கம்மா வந்தாங்கன்னா ஒரிஜினலா இருக்கும். சவுண்டுக்காரரும் அங்கதான் இருக்காரு, கேட்டுக்கலாமில்லீங்?"

என்ற வாழ்நாள்ல அவ்வளவு மரியாதையா ஒருத்தன் அவ்வளவு கேவலமாப் பேசி நான் கேட்டதில்ல. பப்ஸ் தட்டத் தள்ளி உட்டுட்டு வந்துட்டேன். ஆனா பஸ்ஸுல வாரப்ப ரோசன பண்ணேன். சொல்லாம உடறதுக்கு நான் ஆரு? கொரலு அம்மாவுக்கு வேணும். எனக்கும் வேணும். ஊட்டுக்கு வந்து அப்படியே சொல்லிப்போட்டேன்.

அம்மா வெங்காயம் உரிச்சுட்டிருந்துச்சு. "எப்ப வரோணுமாம்?"னு மட்டும் கேட்டுச்சு.

மாமாவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. வாசப்படி தாண்டாம நின்னுட்டே பேசுனாரு. "அவன்தான் சின்னப்பையன், தெரியாமப் போயி நின்னான். இன்னைக்குப் பள்ளிவாசல்ல எவன் வந்தாலும் எங்கிட்ட உம் மருமகன் குண்டு வெச்சானாமேன்னு கேட்டுச் சிரிக்கறான். இப்ப நீயும் போயி, தீவிரவாதியப் பெத்தவன்னு ஒக்காந்து ஒப்பாரி வெக்கப் போறயா அக்கா?"

"அவன் பேச்சக் கேக்கப் போறேன்."

"ஓதி துஆ கேளு. அது போய்ச் சேரும்."

"துஆ நான் சொல்றதுடா. அவன் சொல்றத எங்க கேக்கறது?"

"ஹராம் இது அக்கா."

"அப்ப நீ வராத."

மாமா என்னையப் பாத்தாரு. நான் அவரு பக்கமா அம்மா பக்கமான்னு பாக்கறாரு. நெசத்தச் சொன்னா, நான் ரெண்டு பக்கமும்தான் இருந்தேன். அவரு சொல்றது சரி. ஆனா அவரு சொல்றதக் கேட்டா எங்கண்ணன் பேச மாட்டான். நான் உள்ள போயி அம்மாவோட புர்காவ மடிச்சு பையில வெச்சேன். அவரு போய்ட்டாரு. அன்னியிலிருந்து இன்னும் எங்கூட்டுக்கு வரல.

சத்தி பஸ் ஏறிப் போனோம். புளியம்பட்டி தாண்டி, சத்தி தாண்டி, காட்டோரமா ஒரு ஓட்டு ஊடு. வெளிய நாலஞ்சு வேனு. கேட்டுலயே எங்க போன புடுங்கி ஒரு பையில போட்டு சீட்டு ஒட்டுனாங்க. கதை வெளிய போயிரக்கூடாதாம். நான் அந்தக் கொரல போனுல புடிச்சுக்கலாம்னுதான் போயிருந்தேன்.

ஏஜென்ட்டு எங்கள நெழல்ல உக்கார வெச்சான். ஒரு பொண்ணு வந்து அம்மா புர்காவ மேலயும் கீழயும் பாத்துட்டு, "இது ரொம்ப புதுசா இருக்கே, வேற இருக்கா?"ன்னுச்சு. இல்லீங்கன்னேன். மண்ணெடுத்து ஓரத்துல தேச்சு உட்டுது. அம்மாவோட நல்ல புர்கா அது.

அம்மா ஏஜென்ட்டுகிட்டச் சொல்லிருச்சு. "மொதல்ல கேக்கறனுங். அப்பறம் அழுகறனுங்."

சவுண்டுக்காரரு ஒரு குடைக்கு அடியில வண்டியில பெட்டியெல்லாம் வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. வயசானவரு, பேச்சுக் கம்மி. தேடி எடுத்தாரு. "காப்பி தர முடியாதும்மா. வெளிய போனா என் வேலை போயிரும். இங்கயே கேட்டுக்கங்க, முழுசும் இருக்கு"ன்னாரு. ஒரே ஒரு ஹெட்போனு. அம்மா தலைத்துணிய ஒதுக்கிட்டு காதுல வெச்சுக்குச்சு. அடுத்தது நீ கேளுன்னு எனக்குக் கை காட்டுச்சு.

பெட்டியில சின்னச் சின்ன வெளக்கு பச்சையா ஏறி எறங்குது. எங்கண்ணன் பேசறான்னு தெரியுது. எனக்கு ஒரு சத்தமும் இல்ல. அம்மா மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். மொதல்ல சிரிச்சுச்சு, நெசமாவே சிரிச்சுச்சு. பல்லு தெரிஞ்சுச்சு. அப்பறம் சிரிப்பு நின்னுச்சு. அப்பறம் நெத்தி சுருங்குச்சு. அப்பறம் திரும்பி, ஷூட்டிங் நடக்கற பக்கம் பாத்துச்சு. அங்க அசிஸ்டண்ட் டைரக்டரு ஒருத்தன் மைக்குல கத்திட்டிருந்தான். "டேய் அந்த லைட்ட நகத்துடா, எத்தன தடவடா சொல்றது, காது கேக்காதா?" அம்மா ஹெட்போன ஒரு காதுல இருந்து எடுத்துட்டு அவன் கத்தறதக் கேட்டுச்சு. மறுபடியும் காதுல வெச்சுக்குச்சு. மறுபடியும் எடுத்துச்சு.

அவன் எங்ககிட்ட வந்தான். "மதர் இவங்களா? வாங்கம்மா, ரெடி. உள்ள பாடி இருக்கும், துணிய எடுத்துப் பாக்கறீங்க, அப்படியே ஒடையறீங்க. ஓகேவா?"

அம்மா ஹெட்போன கழட்டி சவுண்டுக்காரரு கையில குடுத்துச்சு.

"ஏனுங் தம்பி, இதுல அதட்டறது நீங்கதானுங்களா?"

"எதுல?"

"கதவத் தொறக்கற பையன. மூளையிருக்கா, முண்டம், நீயெல்லாம் துலுக்கனான்னு."

அவனுக்கு ஞாபகமே இல்ல. நடிக்கல, நெசமாவே ஞாபகமில்ல. "ஷூட்டிங்ல டென்ஷன்ல ஆயிரம் சொல்லுவோம்மா. அத வெச்சுக்காதீங்க. லைட் போயிரும், வாங்க."

"நான் அழுகலீங்."

"என்னம்மா?"

"நீங்க சொல்லி நான் அழுகலீங். வாரனுங்."

அவ்வளவுதான். அம்மா கெளம்பிருச்சு. அவன் கத்த ஆரம்பிச்சான். ஏஜென்ட்டப் பாத்துக் கத்துனான், சவுண்டுக்காரரப் பாத்துக் கத்துனான், யாரக் கேட்டு பழைய ஃபுட்டேஜ போட்டுக் காட்டறன்னு. அவரு டிஸ்க்க உருவி பைக்குள்ள போட்டுட்டு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் அவருகிட்டப் போய், "ஐயா, நான் இன்னும் கேக்கலீங்"ன்னேன். "போம்மா, போயிரு, எனக்குப் பிரச்சன ஆயிரும்"னாரு. ஏஜென்ட்டு என் கையப் புடிச்சு கேட்டு வரைக்கும் கொண்டு வந்து உட்டான். அப்ப பேச்சுல அம்மணியும் இல்ல, வாங் போங்கும் இல்ல. "உங்களையெல்லாம் நம்பி ஒரு வேலைக்குக் கூப்புட்டேன் பாரு"ன்னான். நான் அவன் மூஞ்சிக்கு நேரா ஒண்ணு சொன்னேன், அத இங்க எழுதுனா நல்லாயிருக்காது.

பஸ் ஸ்டாப்புல அம்மாவப் பாத்ததும் அவ்வளவு கோவமும் அது மேல திரும்பிருச்சு. ஒரு பத்து நிமிசம் அழுதிருக்கலாமில்ல. ஊட்டுல தெனமும் அழுகுது, எவனும் கேக்காமயே அழுகுது. அத அங்க அழுதிருந்தா நானும் கேட்டிருப்பேன். எனக்கும் அவன் அண்ணந்தான. அத வாய் உட்டே சொல்லிப்போட்டேன். நடு ரோட்டுல, பஸ்ஸுக்கு நிக்கறவங்க எல்லாம் பாக்க.

"உனக்குக் கேட்டாச்சு. எனக்கு?"

அம்மா மண்ணு தேச்ச எடத்தத் தட்டிட்டே இருந்துச்சு. "அவன அதட்டுனவன் முன்னால எப்படிடி அழுகறது"ன்னுச்சு.

"உன்ற ரோசத்துல எனக்கு வேண்டியது போச்சு."

பஸ் வந்துச்சு. தனித்தனி சீட்டுல உக்காந்தோம். அம்மா மேல எனக்கு இன்னும் அந்தக் கோவம் இருக்குது. அது செஞ்சது சரின்னு எல்லாரும் சொல்றாங்க, மாமாகூட ஆள் உட்டு சொல்லி அனுப்புனாரு. சரியா இருந்துட்டுப் போகுது. எனக்குக் கெடைக்காமப் போனது போனதுதான். சீசனு வந்துருச்சு, அதுல வேற ஒரு பொம்பளை அழுகறாளாம். நல்லா அழுகறாளாம். கம்பெனியில சொன்னாங்க.

அன்னூர் தாண்டுனதுக்கு அப்பறம் அம்மா பக்கத்துல ஆளு எறங்குச்சு. நான் போயி உக்காந்தேன். அப்பறம் கேட்டுட்டேன்.

"என்ன பேசுனான்?"

"அந்தக் கத்தறவன் சொல்லிக் குடுக்கறதத்தான். மறுபடி மறுபடி அதையே. ஒவ்வொரு தடவையும் அவன் கத்துவான், இவன் சரிங்ணா, சரிங்ணான்னுவான்."

"வேற?"

"நடுவால ஒருதடவ, ஆருகிட்டயோ, குடிக்கத் தண்ணி இருக்குதுங்களான்னு கேட்டான்."

"குடுத்தாங்களா?"

"தெரியல கண்ணு. அதுக்குள்ள மறுபடியும் ஆக்ஷன்னுட்டாங்க."